தலைவலி லீவுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் மறுத்தால் என்ன செய்வது

மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு முதல் எதிரி ஸ்கேன் ரிப்போர்ட்தான். என்னுடையதில் எல்லாம் நார்மல். "அதான் ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சேம்மா" என்றார் எங்கள் சூப்பர்வைசர். மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. கட்டி, ரத்தக்கசிவு மாதிரி வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். நோயைக் கண்டுபிடிப்பது நாம் சொல்லும் விவரத்தை வைத்து: பெரும்பாலும் ஒரு பக்கமாகத் துடித்துத் துடித்து வலிப்பது, குமட்டல், வாந்தி, வெளிச்சமும் சத்தமும் தாங்காதது, நடந்தால் வலி கூடுவது, மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை இழுப்பது. டாக்டருக்கே நம் வார்த்தைதான் ஆதாரம் என்றால், பணம் தருகிற அலுவலகத்துக்கு எவ்வளவு காகிதம் வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். எல்.இ.டி. வெளிச்சத்துக்குக் கீழே பளபளக்கிற பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை, அதிலும் வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும். மைக்ரேனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிற, ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் உள்ளவர்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு நோய் லீவுச் சம்பளம் என்பதே ஈ.எஸ்.ஐ. தருகிற நோய்க்காலப் பணம்தான்.

முதலில் ஒரு டைரி போடுங்கள். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, வாந்தி உண்டா, என்ன மாத்திரை, எப்போது எழுந்து நிற்க முடிந்தது, அன்று எந்த ஷிஃப்ட். இதில் மாத்திரைக் கணக்கு மிக முக்கியம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே தருகிற சுமட்ரிப்டான் வகையையோ கலவை மாத்திரைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அந்த அளவை நெருங்கினால், வலியைத் தடுக்கிற தினசரி மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் எல்லாம் அப்படித் தருபவை. ஆஸ்துமா இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள், புரோப்ரனலால் ஆகாது. திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம் என்றால் டைரி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்புறம் சான்றிதழ். அட்டாக் வந்த அன்றே ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்விட வேண்டும். கண்ணைத் திறக்க முடியாமல் டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையில் உட்காருவது கொடுமைதான். நான் துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு, தங்கையின் தோளில் சாய்ந்தபடி உட்காருவேன். ஆனால் நேற்றைய தேதி போட்டு டாக்டர் எழுதித் தரமாட்டார், தரவும் கூடாது. ராத்திரி தனியார் கிளினிக்கில் ஊசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் பில்லையும் காலையில் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். சான்றிதழில் வெறும் 'தலைவலி' என்று இருந்தால், பணிவாகக் கேட்டு 'மைக்ரேன், வாந்தியுடன்' என்று எழுதி வாங்குங்கள். நோய்க் குறியீட்டில் மைக்ரேனுக்கு ஜி43, பொதுவான தலைவலிக்கு ஆர்51. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. வேலைக்குத் திரும்பும் முன் ஃபிட்னெஸ் சான்றிதழும் வாங்கிவிடுங்கள்.

பணக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மறுப்புக் கடிதத்தில் பாதி புரிந்துவிடும். சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். 600 ரூபாய் என்றால் 420. வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாளுக்குச் சந்தா (ஈ.எஸ்.ஐ.க்குக் கட்டும் பிடித்தம்) இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உரிமை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தா ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும். மைக்ரேன்காரர்களை அடிக்கிற விதி வேறு: முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. நமக்கு வருவதே இரண்டு மூன்று நாள்தானே! ஆனால் பணம் கிடைத்த முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் அடுத்தது வந்தால் இந்த இரண்டு நாள் கழிவு இல்லை. இதைக் கவனிக்காமல் கழித்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

சரி, மறுத்துவிட்டார்கள். "தலைவலிக்கெல்லாம் லீவாம்மா?" என்று கவுன்ட்டரில் வாயால் சொல்வது மறுப்பு ஆகாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். சந்தா நாள் குறைவு என்று காரணம் சொன்னால், மத்திய அரசின் உமங் செயலியில் உங்கள் சந்தாக் கணக்கைப் பார்த்து, சம்பள ரசீதோடு ஒப்பிடுங்கள். பிடித்தம் இருந்தும் நாள் குறைவாக ஏறியிருந்தால் கம்பெனிதான் திருத்த வேண்டும்.

எனக்கு வந்த காரணம், 'பணிக்கு வந்துள்ளார்'. காலையில் பஞ்ச் பண்ணி உள்ளே போய், பத்து மணிக்கு வாந்தி எடுத்து வெளியே வந்த நாள் அது. சான்றிதழும் அதே தேதியில் ஆரம்பித்ததால் மொத்தக் கோரிக்கையையும் நிறுத்திவிட்டார்கள். வேலை செய்த நாளுக்குப் பணம் கிடையாது என்பது சரிதான். அதற்காக மற்ற நாட்களையும் மறுக்க முடியாது. இதற்கு ஒரு தம்பி உண்டு: எச்.ஆர். நல்லது செய்வதாக நினைத்து அந்த நாட்களுக்குச் சம்பளத்தோடு சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டுவிடுவார். சம்பளம் வந்த லீவு நாளுக்கும் ஈ.எஸ்.ஐ. தராது. 'எல்.ஓ.பி. போடுங்க சார்' என்று சம்பளமில்லாத லீவை நாமே கேட்கிற விசித்திரமான இடம் இது.

டைம் ஆபீஸில் வருகைப் பதிவின் நகலை முத்திரையோடு வாங்கி, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு இப்படி எழுதினேன்:

"ஐயா, என் காப்பீட்டு எண் ______. 4-ஆம் தேதி முதல் 8-ஆம் தேதி வரை மைக்ரேன் காரணமாக நான் பணிக்குச் செல்லவில்லை, அந்நாட்களுக்குச் சம்பளமும் பெறவில்லை. 3-ஆம் தேதி மட்டும் முற்பகல் வரை பணியில் இருந்தேன். அந்த ஒரு நாளை விலக்கி, மற்ற நாட்களுக்கான கோரிக்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். வருகைப் பதிவு நகல், சம்பள ரசீது, மருத்துவச் சான்றிதழ்கள் இணைத்துள்ளேன். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

வலியின் கொடுமையை மனுவில் வர்ணிக்க வேண்டாம். தேதிதான் பேச வேண்டும். பிரிவு எண்ணும் போடாதீர்கள். 1948-ஆம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் விஷயங்கள் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன, பழைய எண்ணை எழுதினால் குழப்பம்தான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதி முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று: தமிழ்நாட்டில் டிஸ்பென்சரி மாநில அரசுடையது, பணம் தரும் கிளை அலுவலகம் மத்திய அரசின் கழகத்துடையது. சான்றிதழ்ப் பிழைக்குக் கிளை அலுவலகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. பணம் பற்றிய பிரச்சினை கிளையில் தீராவிட்டால் மேலே போகலாம்: சென்னையில் ஸ்டெர்லிங் சாலை மண்டல அலுவலகம், மற்றப் பக்கங்களுக்குக் கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலி துணை மண்டல அலுவலகங்கள். சுவிதா சமாகம் என்று குறைதீர்க்கும் கூட்டம் நடத்துவார்கள். நேரில் போய் உட்காருங்கள், கோப்பு நகரும். அதற்கும் மேலே ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல்தான் வேண்டும் என்றில்லை, பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகியும் உங்களுக்காக ஆஜராகலாம்.

நடுவில் மருத்துவ நடுவரிடம் (சான்றிதழைச் சரிபார்க்கிற ஈ.எஸ்.ஐ. டாக்டர்) வரச்சொல்லிக் கடிதம் வரலாம். பெரும்பாலும் வலி இல்லாத நாளாகத்தான் அது அமையும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு நடிக்க வேண்டாம். "இன்னைக்கு நல்லா இருக்கேன் டாக்டர், அன்னைக்கு எப்படி இருந்தேன்னு இதுல இருக்கு" என்று டைரியை நீட்டுங்கள். போகாமல் இருந்தால் பணம் நின்றுவிடும். நிஜமாகவே அன்று அட்டாக் என்றால், டிஸ்பென்சரியில் காட்டிச் சீட்டு வாங்கி, அதன் நகலை வைத்து வேறு தேதி கேளுங்கள்.