ஓடையோரப் பாதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும்

ஓடையை ஒட்டியே நடந்து ஓர் இரவு காட்டில் தங்கப் போகிறீர்களா? மொத்தத் தண்ணீரையும் முதுகில் சுமக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலும் கையடக்க வடிகட்டியும் போதும்.

ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. சமையலையும் சேர்த்தால் நான்கைந்து கிலோ ஆகிவிடும். வடிகட்டியோ சில நூறு கிராம்கூட இருக்காது. அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைகளில் உள்ள டீப் க்ரீக் பாதையில் முகாம்களே ஓடையோரம்தான். ஆனால் நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது: வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டி பழுதானால் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

கோடையில் வற்றும் ஓடைக்கு இது சரிவராது. ஓடை வரும் வழியில் மேலே தோட்டமோ சுரங்கமோ இருந்தாலும் வேண்டாம். அங்கிருந்து நீரில் கலக்கும் ரசாயனத்தைச் சாதாரண வடிகட்டி தடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. அப்புறம், உறைபனி இரவில் வடிகட்டியை நீங்கள் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீர் உறைந்தால் அதன் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.