குறியீட்டுக்கு முன் கேக்கின் விலையைப் பாருங்கள்

தொடக்கக்கால நவீனத்துவக் கதைகளில் உழைக்கும் பெண்களைத் தேடுகிறவர்கள் ஆலைச் சங்கையும் வேலைநிறுத்தத்தையும் எதிர்பார்த்துப் போகிறார்கள். அது கிடைக்காததும் 'மேல்தட்டு இலக்கியம்' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தேடிய இடம்தான் தவறு. அன்றைய பிரிட்டனில் கூலிக்கு உழைத்த பெண்களில் பெரும் கூட்டம் இருந்தது வீட்டு வேலையில். மனித சுபாவமே மாறிவிட்டது என்று 1924இல் வாதாட வந்த ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃப்கூட, சான்றாக நிறுத்தியது ஒரு சமையல்காரியை: முன்பு கீழ்த்தள அடுக்களையே கதியென்று கிடந்தவள், இப்போது வரவேற்பறைக்கே வந்து செய்தித்தாள் இரவல் கேட்கிறாளாம்.

அதைவிடப் பெரிய தவறு, எடுத்த எடுப்பில் குறியீட்டுக்குத் தாவுவது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'களிமண்' கதை (1914இல் வெளிவந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் இருக்கிறது) இதில்தான் அதிகம் அடிபடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுகளில் ஒன்றைத் தொட்டு வருங்காலம் பார்க்கும் விளையாட்டில் மரியாவின் கை முதலில் களிமண்ணிலும், மறுமுறை பிரார்த்தனைப் புத்தகத்திலும் படுகிறது. களிமண் என்றால் சாவு, பிரார்த்தனைப் புத்தகம் என்றால் கன்னிமடம், விளக்கம் முடிந்தது! ஆனால், தான் வளர்த்த ஜோவின் வீட்டு விருந்துக்குக் கிளம்பும் மரியாவின் பர்ஸை முதலில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு அரை கிரௌன் (ஒவ்வொன்றும் இரண்டரை ஷில்லிங்), கொஞ்சம் செப்புக்காசு. டிராம் செலவு போக 5 ஷில்லிங் மிஞ்சும் என்று அவளே கணக்குப் போட்டிருக்கிறாள். அன்று ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 60 பென்ஸ். ஒரு பென்னி கேக்குகள் ஒரு டஜனுக்கு 12. பிளம் கேக் 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28. இரண்டு கடை ஏறி இறங்குவதற்குள் 40 பென்ஸ், கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு, காலி. அந்தப் பிளம் கேக்கும் வழியில் தொலைந்துவிடுகிறது. மரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வருவதற்கு ஜாய்ஸ் இரண்டு காரணம் சொல்கிறார்: ஜோவையும் அவன் மனைவியையும் அசத்த நினைத்தது நடக்கவில்லை, 2 ஷில்லிங் 4 பென்ஸ் வீணாயிற்று. இரண்டாவது காரணத்தைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். தன் பணம் தன் பையில் இருப்பதே நல்லது என்று கிளம்பும்போதே அவள் நினைத்துக்கொண்டதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. களிமண் எங்கும் போய்விடாது. இந்தக் கணக்குக்குப் பிறகு வந்தால் அது இன்னும் கனக்கும்.

அதே கதையில் இன்னொரு சறுக்கல். மரியா இருக்கும் சலவையகத்தைக் கத்தோலிக்க மடங்கள் நடத்திய மாக்டலீன் சலவையகம், அதாவது 'வழிதவறியவர்கள்' எனப்பட்ட பெண்களை அடைத்து வைத்து வேலை வாங்கிய இடம், என்று எழுதிவிடுகிறார்கள். இது புராட்டஸ்டன்டுகள் நடத்தியது. அங்கிருக்கும் மத வாசகங்கள் மட்டும் கத்தோலிக்கரான மரியாவுக்குப் பிடிப்பதில்லை. அவள் அங்கே 'திருத்த'ப்படுவதற்காக அடைக்கப்பட்டவளும் இல்லை. சமையலறையில் சம்பளத்துக்கு இருப்பவள். முன்பு ஜோ, ஆல்ஃபி என்ற இரண்டு பையன்களைத் தூக்கி வளர்த்தவள். அந்தக் குடும்பம் கலைந்த பிறகு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அந்தப் பையன்கள்தான். இது தெரியாமல் படித்தால், விருந்து வீட்டில் அவள் உறவுக்காரியா, பழைய ஆயாவா என்ற இழுபறி பிடிபடாது.

கதைசொல்லியின் பெயரடைகளை நம்புவது அடுத்த தவறு. அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் 'மூன்று வாழ்க்கைகள்' (1909) தன் பணிப்பெண்களுக்கு 'நல்ல' அன்னா, 'சாது' லீனா என்று பட்டம் கட்டுகிறது. யார் வாயில் வரும் பட்டம் இது? வேலை கொடுப்பவர் நற்சான்றிதழில் எழுதும் சொல் அல்லவா! நல்ல அன்னா கடைக்காரர்களை மிரட்டுகிறாள், எஜமானியையே அதட்டுகிறாள், சேமித்த காசைச் சிநேகிதிகளுக்குக் கொடுத்துக் கரைக்கிறாள். லீனா சாது என்பதன் நடைமுறைப் பொருள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதே. ஜெர்மனியிலிருந்து கூட்டி வந்ததும், அவளைப் போலவே விருப்பமில்லாத ஒரு தையல்காரனுக்குக் கட்டி வைத்ததும் அடுத்தவர் முடிவு. நான்காவது பிரசவத்தோடு அவள் கதை முடிகிறது. அந்தப் பெயரடை திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் அங்கே நின்று, அந்த வரியில் அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் கதை இருக்கிறது. நடுவில் வரும் 'மெலங்க்தா'வில் கறுப்பின மக்களைப் பற்றி வரும் பொதுப்படையான இழிசொற்களை மட்டும் இதே சாவியால் திறந்து, 'எல்லாம் நடைப் பரிசோதனை' என்று கடந்துவிடக் கூடாது. ஸ்டைன் வசதியான குடும்பத்தவர். அவர் எழுதியது கற்பனை, சாட்சியம் அல்ல.

தமிழில் எழுதும்போது மட்டும் நேரும் தவறுகள் தனி. அன்னா, மரியா, மா பார்க்கர் மூவரையும் 'வேலைக்காரி' என்று ஒரே கூடையில் போட்டால் கதையின் எலும்பு முறியும். அன்னா எஜமானி வீட்டிலேயே தங்கி வீட்டை நிர்வகிப்பவள். மரியாவுக்கு வேலையிடமே உறைவிடம். காதரின் மான்ஸ்ஃபீல்டின் கதையில் (1921) வரும் மா பார்க்கர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து துப்புரவு செய்துவிட்டுப் போகிறவர். தங்குமிடம் மாறினால் துக்கமும் மாறும். பேரனைப் புதைத்த மறுநாள் வேலைக்கு வந்த மா பார்க்கருக்கு, அழுவதற்கு அந்த வீட்டிலும் இடமில்லை, தன் வீட்டிலும் இல்லை.

அடுத்தது நீயா, நீங்களா. ஆங்கிலம் ஒரே சொல்லில் தப்பித்துவிடும், நமக்கு வழியில்லை. அந்த வீட்டு எழுத்தாளர் முதலில் இறுதிச் சடங்கு நல்லபடியாக நடந்ததா என்று கனிவாக விசாரிக்கிறார். பிறகு, டப்பாவின் அடியில் இருந்த ஒரு தேக்கரண்டி கோகோவைத் தூக்கிப் போட்டீர்களா என்று கேட்கிறார். 'நீ' என்று மொழிபெயர்த்தால் அவர் சாதாரண முரட்டு முதலாளி ஆகிவிடுவார். 'நீங்கள்' என்று வைத்தால்தான், குரலில் மரியாதை குறையாமலே அந்த ஒரு தேக்கரண்டிக்குக் கணக்குக் கேட்கிற மனிதர் தெரிவார்.