பழைய கேம் சீடி ஒன்லைன்ல வாங்கேக்க நாங்க விடுற பிழைகள்

போன கிழமை திருகோணமலை உவர்மலைப் பக்கம் இருந்து தம்பி ஒருத்தன் போன் எடுத்து, "அண்ணா, 5 ஸ்டார் இருக்கிற ஆளிட்டதான் வாங்கினனான், கேம் பாதியில நிக்குது" எண்டு அழாக்குறையா சொல்றான். அந்த ஸ்டாரெல்லாம் ஆர் போட்டது எண்டு கேட்டன். அதில ஒண்டு அவன்தான் போட்டிருக்கிறான், அதுவும் சாமான் கைக்கு வர முதலே, ஏனெண்டா ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினா அடுத்த சீடிக்கு 500 ரூபா குறைப்பன் எண்டு விக்கிறவர் சொல்லியிருக்கிறார்.

விக்கிறவர் எல்லாரும் கள்ளர் எண்டு சொல்ல வரேல்ல, நானும் விக்கிறனான்தான். ஆனா எதில லாபம் இருக்கோ அதைத்தான் ஆக்கள் செய்வாங்க. அமெரிக்காவில 2024 ஒக்டோபர்ல இருந்து, நல்லா எழுதினாத்தான் பரிசு எண்டு விமர்சனம் வாங்கிறதுக்கே தடை. ஈபே எண்ட ஒன்லைன் சந்தையில முந்தி விக்கிறவரும் வாங்கினவருக்கு கூடாத மார்க் போடலாம், திருப்பிப் போட்டிடுவார் எண்ட பயத்தில சனம் வாயைத் திறக்கேல்ல, பிறகு 2008லதான் அதை நிப்பாட்டினாங்க. அதால ஸ்டாரை எண்ணாம, 2, 3 ஸ்டார் போட்டவங்க என்ன எழுதியிருக்கிறாங்க எண்டு பாருங்கோ. அதுக்கு ஒருத்தரும் கழிவு குடுத்திருக்க மாட்டாங்க.

மேலுக்கு நிக்கிற விளம்பரம் நல்ல விளம்பரம் எண்டு நினைக்கிறதும் பிழை. அது காசு கட்டி ஏத்தினதா இருக்கும், அவ்வளவுதான்.

எல்லாத்திலயும் பெரிய பிழை, சீடிக்குப் பதிலா, கேம் வாங்கி வச்சிருக்கிற பிளேஸ்டேஷன் எக்கவுண்டை வாங்கிறது. "பிரைமரி எக்கவுண்ட், பாதி விலை" எண்டு போடுவாங்க, பாக்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா ஒண்டை யோசியுங்கோ, சீடியை வித்தா அது அவர்ட கையை விட்டுப் போட்டுது, எக்கவுண்டை வித்தா அது இன்னும் அவர்ட்டத்தான் கிடக்கு. ஒரே சாமானை நாலு பேருக்கு விக்கலாம் எண்டா ஆர்தான் ஒருத்தரோட நிப்பாட்டுவார்? முதல்ல திறந்த ஈமெயிலும் வாங்கின ரசீதும் அவர்ட்ட இருக்கு, நினைச்ச நேரம் பாஸ்வேர்டை மாத்தி உங்களை வெளிய போடலாம். எக்கவுண்ட் கைமாத்திறது பிளேஸ்டேஷன் செய்யிற சோனிட விதிக்கே மாறானது, அதால அங்க போய் முறையிடவும் ஏலாது.

சீடி எண்டா நேர கண்டு வாங்குங்கோ. போன் டோர்ச்சை அடிச்சு சீடியைச் சரிச்சுப் பிடிச்சா கீறல் தெரியும். நாங்க சீடி எண்டு சொல்ற பிஎஸ் 4 (பிளேஸ்டேஷன் 4) கேம் தட்டு உண்மையில புளூரே. புளூரேல டேட்டா இருக்கிற படை மேற்பரப்பில இருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளுக்கு, டிவிடில அது 0.6. அதால டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுப் பளபளப்பாக்கின சீடி போட்டோக்கு வடிவா இருக்கும், கேமுக்கு உதவாது. பிஎஸ் 4ல சீடில இருந்து கேம் முழுக்க மெஷினுக்கு கொப்பி ஆக முதலே விளையாடத் தொடங்கலாம், அதால லோகோ வந்தவுடனே "சரி அண்ணா" எண்டு காசைக் குடுக்காதேங்கோ, கொப்பி 100 வீதம் முடியும் மட்டும் இருங்கோ. தம்பிட சீடி 70ல நிண்டதுதான். (எங்கட ஊர் பஸ் ஸ்டாண்டில மான் திரியும். ஒருக்கா அங்க வச்சு சீடி மாத்தப் போய், நாங்க டோர்ச் அடிச்சுப் பாத்துக்கொண்டு நிக்க மான் ஒண்டு வந்து பையை இழுத்திட்டுது, சாப்பாட்டுப் பார்சல் எண்டு நினைச்சிருக்கும். கவர் போயிட்டுது, சீடி தப்பிச்சுது.)

கொழும்பில இருந்து கூரியர்ல எடுக்கிறீங்களா, வழமையா காசு குடுக்காம பார்சலைப் பிரிக்க விடமாட்டாங்க. அப்ப கேஷ் ஒன் டெலிவரி எண்டாலும் அது முற்பணம்தான். காசு கைமாற முதல் விக்கிறவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுவார், சீடி ஓடுற வீடியோவைக் கேளுங்கோ, அதில உங்கட பேரை ஒரு துண்டுல எழுதி வைக்கச் சொல்லுங்கோ. மாறின பிறகு உங்கட மெசேஜுக்கு "சீன்" (பாத்திட்டார்) மட்டும்தான் விழும். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல நேர சந்திச்சு வாங்கிறதுக்கு பேஸ்புக் எந்தப் பாதுகாப்பும் தராது, அதையும் மனசில வையுங்கோ.

கேமுக்கு மேலதிகமா எதையும் டவுன்லோட் பண்ண பெட்டிக்குள்ள ஒரு கோட் (ரகசிய எழுத்து, இலக்கம்) இருக்கும், அது ஒருக்காத்தான் வேலை செய்யும். "கோட் இருக்கு" எண்டா பாவிச்சதா எண்டு கேளுங்கோ, நான் தொடக்கத்தில இதைச் சொல்லாமலே வித்திருக்கிறன், கேட்டாத்தானே எண்டு. 1970ல ஜோர்ஜ் அக்கர்லோஃப் எண்ட அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதினதும் இதைத்தான், வாங்கிறவனுக்கு நல்லதையும் கூடாததையும் பிரிச்சுப் பாக்க ஏலாட்டி எல்லாத்துக்கும் குறைச்சுத்தான் கேப்பான், நல்ல சாமான் வச்சிருக்கிறவன் விக்காமலே விட்டிடுவான். அதுக்கு 2001ல நோபல் பரிசும் கிடைச்சுது. நான் அது விளங்கி மாறேல்ல, சும்மா நட்டப்பட்டு மாறினனான். நல்ல சீடிக்கும் சனம் பாதி விலைதான் கேட்டுது.

இப்ப கீறல் இருக்கிற பக்கத்தைத்தான் முதல் போட்டோவாப் போடுறன். ரெண்டு சீடி ஒரு மாசமா விக்காமக் கிடக்கு. வேணுமெண்டா டச்பே பக்கம் வாங்கோ, பஸ் ஸ்டாண்ட் வேண்டாம், மான் நிக்கும்.