ஸ்ட்ராட்டஜி ஒரு பக்கம், டார்கெட் ஒரு பக்கம், கஸ்டமர் ஒரு பக்கம்: மூண்டையும் கொளுவுறது எப்பிடி

கொழும்பு சாஃப்ட்வேர் கம்பனியள் கனக்கத்தில நடக்கிறது இதுதான். ஜனவரியில பெரியாக்கள் ஒரு ஹோட்டல்ல இருந்து ஸ்ட்ராட்டஜி எழுதுவினம், பெப்ரவரியில எல்லாரும் ஓகேஆர் (குறிக்கோளும் அதை அளக்கிற நம்பரும், அதாவது டார்கெட்) ஷீட் நிரப்புவினம், கஸ்டமரோட கதைக்கிறது எல்லாம் கட்டி முடிச்ச பிறகு, அதுவும் ஆருக்கும் நேரம் கிடைச்சா. ஒண்டு மாறினா மத்த ரெண்டும் மாறாது, ஏனெண்டா மூண்டுக்கும் நடுவில ஒரு கயிறும் இல்லை. புரடக்ட் மனேஜர் வேலைக்கு புதுசா வந்தாக்களுக்கு, அந்தக் கயிறை கட்டுற வழியை சொல்றன்.

முதல்ல ஸ்ட்ராட்டஜியை ஒரே வசனத்தில எழுதுங்கோ. ஸ்லைட் வேண்டாம். உதாரணத்துக்கு ஒரு கடன் கொப்பி ஆப் எடுப்பம்: "கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைக்காரர் கடன் கணக்கை ஃபோனுக்கு மாத்துவினம், நாங்கள் மாசச் சந்தா எடுப்பம்." இப்ப அதுக்கு கீழ, இது நடக்கோணும் எண்டா வேற என்னென்ன உண்மையா இருக்கோணும் எண்டு எழுதுங்கோ, இதுகள்தான் உங்கட நம்பிக்கையள். கொப்பி அவைக்கு தலையிடியா இருக்கோணும், கணக்கு எழுதிறவரும் காசு கட்டுறவரும் ஒரே ஆளா இருக்கோணும், ஆர் எவ்வளவு தரோணும் எண்டதை எங்கட சேர்வரில வைக்க அவை பயப்பிடக் கூடாது. இதில எது பிழைச்சா முழுக்கதையும் கவிழுமோ அதுதான் உங்கட முதல் ரிசேர்ச் கேள்வி, மத்ததுகள் பிறகு பாக்கலாம்.

இனி கடைக்கு போறது. காலமை போகாதேங்கோ, லொறி வந்து நிக்கும், நாட்டாமிமார் மூட்டை இறக்கிக்கொண்டு இருப்பினம், முதலாளி உங்கட முகத்தையே பாக்க மாட்டார், மத்தியானச் சாப்பாட்டுக்கு பிறகு கொஞ்சம் மூச்சு விடுற நேரமா போங்கோ. "இப்பிடி ஒரு ஆப் வந்தா பாவிப்பீங்களோ" எண்டு மட்டும் கேக்கவே கேக்காதேங்கோ. எங்கட ஆக்கள் முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்ல மாட்டினம், "நல்லம் தம்பி, செய்யுங்கோ" எண்டு சொல்லி ஒரு பிளேன்டீயும் தந்து அனுப்புவினம், நீங்கள் அதை ஆதாரம் எண்டு ஒஃபிசுக்கு கொண்டு போவீங்கள். நடந்ததை கேளுங்கோ: "அண்ணா, கடைசியா ஒரு செக் திரும்பினது எப்ப, அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" பிறகு வாயை மூடிக்கொண்டு கொப்பியை பாருங்கோ, அவர் காட்டினா மட்டும், ஃபோட்டோ எடுக்கிறது எண்டா கேட்டுட்டு எடுங்கோ.

கொப்பியை பாத்தா என்ன தெரியலாம்? எழுதிறது முதலாளி இல்லை, கல்லாவில இருக்கிற பொடியன். கடன் தொகை முதலாளிக்கு ஏற்கனவே மனப்பாடம். கொப்பியின்ட பின்பக்கத்தில வாற கிழமைக்கு தேதி போட்ட செக்குகள் வரிசையா இருக்கு, எந்த நாள் எது பாங்கில விழும், எது திரும்பும் எண்டதிலதான் அவரின்ட நித்திரை போகுது. இதே கதை அஞ்சாறு கடையில திரும்பத் திரும்ப வந்தா, ஃபீச்சர் லிஸ்ட்டில ஒரு வரி கூட்டுறது காணாது, ஸ்ட்ராட்டஜி வசனத்தையே மாத்தோணும்: "கடன் கணக்கு" போய் "செக் தேதி" வரோணும். பலர் இந்த இடத்திலதான் பின்வாங்கிறவை, பெரியாக்களிட்ட போய் சொல்ல கூச்சம். கேட்ட வசனத்தை அப்பிடியே, கடைக்காரர் சொன்ன சொல்லிலயே வாசிச்சு காட்டுங்கோ, உங்கட கருத்தை விட அதுக்கு பலம் கூட.

டார்கெட் இதுக்கு பிறகுதான். ஓகேஆர் 1970களில சிப் செய்யிற இன்டெல் கம்பனியில அங்கத்தைய பெரியாள் ஆண்டி குரோவ் நடத்தின முறை, 1999ல முதலீட்டாளர் ஜோன் டோர் அதை கூகுளுக்கு கொண்டு போனார், எங்கட பக்கம் வந்து சேந்தது பெரும்பாலும் அந்த ஷீட் மட்டும்தான். "1000 டவுன்லோட்" எண்டு போட்டா மார்க்கெட்டிங் பொடியள் ஒரு டீசேர்ட் குடுத்தே ஏத்தி விடுவாங்கள், அதால கடைக்காரருக்கு ஒண்டும் மாறாது. நீங்கள் கண்ணால பாத்த பழக்கம் மாறுதோ எண்டதை எண்ணுங்கோ: "சேந்த கடையளில பாதி, கிழமையில 4 நாளாவது, பாங்க் திறக்க முதல் செக் லிஸ்ட்டை பாக்கோணும்." இந்த நம்பர் அசையேல்லை எண்டா டிசைனரை ஏச முதல், எழுதி வச்ச அந்த நம்பிக்கையளில எது பிழைச்சது எண்டு பாருங்கோ, அந்தக் கேள்வியோட திரும்ப கடைக்கு போங்கோ. மாசம் ஒருக்கா ஒரே மீட்டிங்கில வசனம், நம்பிக்கையள், நம்பர் மூண்டையும் ஒரே பேப்பரில வச்சு கதைச்சா காணும்.

இன்னொண்டு, ரெண்டாம் காலாண்டு டார்கெட்டை ஏப்ரல்ல தொடங்காதேங்கோ. வருஷப்பிறப்புக்கு முதல் புறக்கோட்டையில கால் வைக்க இடமில்லை, அது முடிஞ்ச கையோட அரைவாசி கடை பூட்டு, ரெண்டு நம்பருமே பொய் சொல்லும். மே மாசத்தில இருந்து எண்ணுங்கோ, சிஇஓ ஒத்துக்கொள்ளாட்டி போன வருஷத்து ஏப்ரல் கிராஃப்பை எடுத்து காட்டுங்கோ.