படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில், பார்த்துக்கொள்கிறவர் தன் உடம்பைப் பேணுவது எப்படி?

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையானதிலிருந்து, பாளையங்கோட்டை வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெரும்பகுதி என்னுடையது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள். பார்த்துக்கொள்கிறவர் எப்போது உறங்குவார், எப்போது சாப்பிடுவார் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் செய்து பார்த்து நிலைத்த முறையை, இப்போதுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். ஒன்று படிந்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: உறக்கத்துக்கு ஆள் கேளுங்கள்

நடை, சாப்பாடு, தியானம் என்று எதைத் தொடங்கினாலும் உறக்கம் சரியில்லை என்றால் நிற்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேர உறக்கமாவது வேண்டும். ஆனால் படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது.

வெகுநாள் நான் நின்றுபோன இடம் இதுதான். என் நாத்தனார் தென்காசியிலிருந்து அடிக்கடி வருவாள். பழம் வாங்கி வருவாள், அப்பா பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்து பேசுவாள், போகும்போது “மதினி, ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பாள். நானும் “சரி” என்பேன். அவளுக்கு மனசு நிறைய இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கேட்கும் விதத்தை மாற்றியதும் வழி பிறந்தது. “கொஞ்சம் ஒத்தாசையா இரு” என்று கேட்காமல், வேலையையும் நேரத்தையும் சேர்த்துக் கேட்டேன்:

“சனிக்கிழமை ராத்திரி பத்து மணியிலிருந்து காலையில ஆறு மணி வரைக்கும் அப்பாவை நீ பாத்துக்கிடணும். நான் மாடியில போய் உறங்கப் போறேன். எழுப்பக் கூடாது.”

“இவ்வளவுதானா மதினி? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா.”

அத்தைக்கு முதலில் ஒப்பவில்லை. “பெத்த மகளே ஆனாலும் கட்டிக் கொடுத்தவ, அவள ராத்திரி கண்முழிக்க வைக்கதா?” என்றார்கள். அவளே அத்தையிடம் பேசிச் சரிசெய்தாள். மற்ற நாட்களில் பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் என் வீட்டுக்காரர் பொறுப்பு. நேரத்தைத் துண்டு துண்டாகப் பங்கு போடாமல், தொடர்ந்து உறங்கக் கிடைக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர் உங்களை எழுப்பாமலிருக்க, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்ன மாத்திரை எந்த நேரம், எந்தப் பக்கம் எப்போது திருப்ப வேண்டும், அவசரத்துக்கு யார் நம்பர். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், கொடுத்தபின் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். முறை வைப்பதற்கு, பலசரக்குக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரே போதும். செல்போன் ஆப்பை வீட்டுப் பெரியவர்கள் பார்க்க மாட்டார்கள். காலண்டர் எல்லார் கண்ணிலும் படும்.

படி 2: இடுப்பு

குனிந்து தூக்கினால் இடுப்பு போய்விடும். முழங்காலை மடக்கி, ஆளை உங்கள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு எழ வேண்டும். படுக்கையில் மேலே நகர்த்த, நோயாளிக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றைப் போட்டுவைத்து இரண்டு பேராக அதைப் பிடித்து நகர்த்துங்கள். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் எளிதில் நழுவும். கட்டிலைக் கொஞ்சம் உயர்த்த முடிந்தால், மற்ற செலவுகளுக்கு முன் அதைச் செய்யுங்கள்.

படி 3: உங்கள் பிரஷரையும் பாருங்கள்

அவருக்குப் பார்க்கிற மிஷினிலேயே வாரம் ஒருமுறை உங்களுக்கும் பாருங்கள். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டும் மிஷின்தான் நம்பிக்கையானது. காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் எடுங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

படி 4: சாப்பாடு

நோயாளிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பொங்கிவிட்டு, மிச்சத்தை அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடும் வழக்கம் நம் ஊரில் நிறைய. அதற்கு நான் கண்ட வழி கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, இருக்கிற காய்கள், அரைத்த தேங்காய் எல்லாம் ஒரே பானையில். டாக்டர் சொன்ன பதத்துக்கு மாமாவுக்குக் குழைய மசித்து எடுத்துவிட்டு, நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். அப்பளம், வத்தல், ஊறுகாயில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பதால், அவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். கருப்பட்டிக் காபியும் இனிப்புதான். சுகர் இருப்பவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 5: நடை

வாரம் 150 நிமிடம் கொஞ்சம் வேகமான நடை போதும். பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் சேரும். நான் வ.உ.சி. மைதானம் பக்கம் காலை வெயில் ஏறுமுன் போய்விடுவேன். சித்திரை வெயிலில் ஏழு மணிக்கு மேல் நடப்பது வேண்டாத வேலை. துணைக்கு யாராவது வந்தால் நல்லது. அந்த நேரத்தில் நோயைப் பற்றிப் பேசாமலிருக்க அவரிடம் சொல்லிவையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதில் இரண்டைச் சேர்க்கிறேன்.

“ஏர் பெட் வாங்கினால் இரவில் எழ வேண்டாமா?” மோட்டாரால் காற்று ஏறி இறங்கும் அந்த மெத்தை படுக்கைப் புண்ணைக் குறைக்க உதவும், ஆனாலும் எழ வேண்டும். திருப்புவது நிற்காது. இடைவெளியைக் கூட்டலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும் என்பதால், இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

“எனக்கு நாத்தனாரும் இல்லை, யாரும் இல்லை, என்ன செய்ய?” 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வாரம் ஓர் இரவுக்காவது சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிந்தால், அந்தச் செலவை மருந்துச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அழுகை அடங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மனநல ஆலோசனைக்கான இலவச எண் அது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.