நாணயம் அளவு சிவப்பு

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டதில் எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிகிச்சை முடிந்து சக்கர நாற்காலியோடு வீடு திரும்பிய இரண்டாம் மாதம், வலது பிட்டத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. வலி தெரியாததால் துணி மாற்றும்போது அம்மாதான் பார்த்தார். விரலால் அமுக்கினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்குவது இப்படித்தான்.

பிசியோதெரபிஸ்ட் அக்கா சொன்னபடி, சிவப்பு மறையும்வரை அந்தப் பக்கம் பாரமே கொடுக்காமல் குப்புறவும் இடப்பக்கமாகவும் படுத்தேன். அந்த ஒரு வாரம் உட்காராமல் இருந்தது கொடுமை. ஆனால் தோல் கிழியாமல் தப்பியது.

அப்புறம், உட்கார்ந்திருக்கும்போது பிட்டத்தில் விழும் பாரத்தை அவ்வப்போது எடுக்க, போனில் 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்தேன். முதலில் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பார்த்தேன்; அரை நிமிடத்துக்கு மேல் தோள் தாங்கவில்லை. நெஞ்சு தொடையில் படும்படி முன்னால் குனிந்து 2 நிமிடம் இருப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. குனிவதற்கு முன் பிரேக் போட வேண்டும், இதை மறக்கவே கூடாது. பின் பாக்கெட்டில் பர்ஸ், சாவி வைப்பதை விட்டேன். ஜீன்ஸின் தடித்த தையலும் அழுத்தும், அதனால் லுங்கிதான்.

இப்போது காலையும் இரவும் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியில் நானே பார்த்துக்கொள்கிறேன். இதற்காக அம்மாவைக் கூப்பிட வேண்டியதில்லை.