நீலகிரிச் சோலைக்கு எந்த பைனாகுலர் வாங்கலாம்?

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு காட்டும்?" என்பதுதான். நீலகிரியில் பறவையோ வரையாடோ பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இங்கே தட்டுப்பாடு வெளிச்சத்துக்குத்தான். கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் காலை எட்டு மணிக்குப் போனாலும் உள்ளே சாயங்காலம் மாதிரிதான் இருக்கும், அதிலும் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையை ஒட்டிய புதருக்குள்ளேயே தத்திக்கொண்டிருக்கும் பறவை, அதன் கருந்தலையையும் ஆரஞ்சு உடலையும் பிரித்துப் பார்க்க உருப்பெருக்கம் மட்டும் போதாது, கண்ணுக்கு ஒளி வந்து சேர வேண்டும்.

பைனாகுலர் மேல் 8×42 என்று போட்டிருந்தால் 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வருகிறது. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். 10×42-க்கு 4.2, பாக்கெட்டில் போடும் 10×25-க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும் என்பதால் கடைவாசலில் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். சோலை நிழலில் கண்மணி விரியும்போதுதான் சின்ன பைனாகுலரின் படம் மங்கலாகிப் போவது புரியும்.

அதனால் என் பதில் 8×42. கை நடுக்கமும் உருப்பெருக்கத்தோடு சேர்ந்தே பெருகும் என்பது இன்னொரு காரணம். முதுமலையில் சஃபாரி வண்டிக்குள் உட்கார்ந்து பத்து மடங்கில் பார்த்தால் எஞ்சின் அதிர்வில் காட்டுமாட்டின் கொம்பு கூட நிலையாக நிற்காது. எட்டு மடங்கில் காட்சிப் பரப்பும் அகலம், கிளைக்குக் கிளை தாவும் நீலகிரி சிரிப்பானைத் தவறவிடாமல் பின்தொடரலாம். முக்கூர்த்திப் பக்கம் திறந்த புல்வெளியில் எதிர்ச்சரிவு வரையாட்டைப் பார்ப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் 10×42 எடுங்கள், தப்பில்லை. ஆனால் மலைமேட்டுக் காற்றில் நின்றபடி பார்க்க முடியாது, உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஸ்கோப் கிடக்கிறது, அதை வைத்தே பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். துப்பாக்கியின் உதைப்பில் கண்ணில் இடிக்கக் கூடாது என்று கண்ணுக்கும் அதற்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்கும்படி செய்தது அது. ஒற்றைக் கண்ணால், குறுகிய வட்டத்துக்குள்தான் பார்க்க முடியும், கையில் பிடித்தால் நிற்கவும் நிற்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை தடைசெய்யப்பட்ட காட்டில், செக்போஸ்டில் பையைத் திறக்கும்போது ஸ்கோப் வெளியே வந்தால் நீங்கள் என்ன விளக்கம் சொல்வீர்கள்?

அடுத்தது மூடுபனி. நம்ம ஊருக்கு நைட்ரஜன் நிரப்பி அடைத்த, தண்ணீர் புகாத பைனாகுலரைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே விலையில் போரோ வகை, அதாவது குழாய் வளைந்து அகலமாக இருக்கும் பழைய அமைப்பு, பல சமயம் ரூஃப் வகையை, அதாவது குழாய் நேராக இருக்கும் அமைப்பை, விடத் தெளிவாகக் காட்டும், அது உண்மைதான். ஆனால் மலிவான போரோக்கள் பலவற்றில் இந்த அடைப்பு கிடையாது, ஈரம் உள்ளே போய்விடும்.

கடையில் சும்மா கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கையை நீட்டி, கண் வைக்கும் பக்கத்தை உங்களை நோக்கிப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். தெரியும் ஒளிவட்டம் ஓரம் வெட்டுப்படாமல் முழு வட்டமாக இருக்க வேண்டும், சதுரமாக வெட்டினது போல இருந்தால் உள்ளே இருப்பது மட்டமான பிரிசம். லென்ஸ் மாணிக்கச் சிவப்பில் பளபளத்தால் வைத்துவிட்டு வாருங்கள், சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் படத்தைப் பச்சையாகக் காட்டும் பூச்சு அது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஐ ரிலீஃப், அதாவது முழுப் படமும் தெரிய லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கண் வைக்கும் பக்கத்து ரப்பர் கிண்ணத்தை உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள், முழு வட்டமும் தெரிய வேண்டும்.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வது அவசியம், பலர் இதைச் செய்யாமலே தலைவலிக்கிறது என்கிறார்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்துப் பலகை எழுத்தை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது பக்க வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாகப் பூஞ்சை. ஊட்டி, குன்னூர் ஈரத்தில் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்த பைனாகுலர் ஒரு மழைக்காலத்திலேயே கெட்டுப்போகலாம். பழையது வாங்குகிறீர்கள் என்றால் முன் லென்ஸில் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், அது கண்ணாடிப் பூச்சையே அரித்திருக்கும். புதியதை, நனைந்திருந்தால் நன்றாக உலர்த்திவிட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும், ஆறவிட்டு மறுபடி டப்பாவில் போடலாம்.